எழுதும் வேகம்

தொண்ணூற்றொரு சதவீதத்தில் நின்றது.
முப்பத்து நான்கு மணி நேரம் ஓடி,
பதினேழாம் பிளாக்கின் நாலாயிரத்து இருநூறு படங்களை
ஒன்றோடொன்று தைத்துக்கொண்டே வந்து,
இடம் போதவில்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டு
சும்மா இருந்தது மடிக்கணினி.

லோஷினிக்குச் செய்தி அனுப்பினேன்: செத்தது.
டிரோனா?
இல்லை, டிஸ்க்.
அப்ப பரவால்ல, என்றாள்.
டிரோன் அவளுடையது.

லாபிஸ் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
லியோங் கடை மேல்மாடி. படியெல்லாம் டுரியான் வாடை.
கண்ணாடிப் பெட்டிக்குள்
சூயிங்கம் பட்டை நீளத்தில் இரண்டு அட்டைகள்.
ஒன்று முந்நூற்று எண்பது வெள்ளி,
மற்றது ஐந்நூற்றுத் தொண்ணூறு.
இரண்டின் பெட்டியிலும் ஒரே எண்: நொடிக்கு ஏழாயிரம்.
"சேம் லா, கக்கா" என்றான் மகன்.

சேம் இல்லை.
பாமாயில் மில்லின் ராம்ப்பை நான் பார்த்திருக்கிறேன்.
முதல் இருபது லோரி
வந்த வேகத்தில் குலையைக் கொட்டிவிட்டுப் போகும்.
ராம்ப் நிறைந்துவிட்டால்
உள்ளே நீராவி அவிக்கிற வேகம்தான் வேகம்.
வரிசை மெயின் ரோடு வரை நீளும்,
டிரைவர்கள் இறங்கிச் சிகரெட் பற்றவைப்பார்கள்.
பெட்டியில் அச்சடித்திருப்பது
ராம்ப் காலியாக இருந்த காலை நேரம்.
எனக்கு இருபத்தோராவது லோரியின் கதை வேண்டும்.

"ஒரு செல்லுக்கு மூணு பிட்டா, நாலா?"
மகன் அப்பாவைக் கூப்பிட்டான்.
லியோங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.
மூணு. சொந்த மெமரி சிப் உண்டு. அஞ்சு வருஷம் வாரண்டி.
ஐந்நூற்று அறுபது, லாஸ்ட்.

அடிமூடியில் பதினொரு திருகு.
மைலோ டின் மூடியில் வரிசையாக வைத்தேன், ஒன்று உருண்டோடியது.
உள்ளே இரண்டு இடம்.
ரெண்டிலும் போட்டு ஒண்ணாக் கோத்துடு,
இரட்டை வேகம், என்றாள் லோஷினி.
ஒன்று போனால் மற்றதும் கூடவே போகும்.
கல்யாணத்துக்கே
நான் அப்படிச் சம்மதிக்கவில்லை.

பழையது முதல் இடத்தில் சிஸ்டத்தை மட்டும் சுமக்கட்டும்.
புதியதுக்குப் படங்கள், பாதி வெந்த கோப்புகள்.
அதில் பத்தில் ஒரு பங்கை
எந்தப் பெயரும் வைக்காமல் விட்டேன்,
ஆற்றோரம் தோட்டம் கன்று நடாமல் விடும் பட்டை போல.
முதல் ஓட்டத்தில் எண்பத்து நான்கு டிகிரி.
பக்கத்து வீடு கிராஃபிக்ஸ் சிப்.
மறுபடி பதினொரு திருகு,
சாம்பல் நிறத்தில் ஒரு மெத்துப் பட்டை ஒட்டினேன்.
அறுபத்தெட்டு.

கிராணி புத்தகத்தில் பதினாலாயிரத்துத் தொள்ளாயிரம் மரம்.
மேலிருந்து எண்ணினால் பதின்மூவாயிரத்து எண்ணூற்று ஆறு.
இல்லாத ஆயிரத்துத் தொண்ணூற்று நாலு மரம்
மூன்று வருஷமாக உரம் தின்றிருக்கிறது.

அசிஸ்டண்ட் மேனேஜர் குமரேந்திரன்
திரையைத் தன் பக்கம் திருப்பவில்லை.
"கம்ப்யூட்டர் தப்பா எண்ணியிருக்கும்.
மறுபடி ஓட்டிட்டு வாங்க."

போன மாதம் இந்த வாக்கியத்தின் நீளம் ஒரு வாரம்.
ஒரு வாரத்தில் உர பில் கையெழுத்தாகிவிடும்.
பிளக் எங்கே என்று கேட்டேன்.
"இப்பவேவா?"
"ஒம்போது மணி நேரம், சார்.
நாளைக்குப் பெரட்டுக்கு முன்னால முடிஞ்சிடும்."

விசிறி எழுந்தது.
வெளியே எடைமேடையில் ஒரு லோரி ஏறி
இரும்பை அதிரவைத்து இறங்கியது.
அவர் பேனாவை மூடினார், திறந்தார், மூடினார்.
பிறகு, என்ன குடிக்கிறீங்க, என்றார்.

தே ஓ கோசோங், என்றேன்.